11 மணிப் பசிக்குப் பச்சைப்பயறு

காலையில் நாலு இட்லி சாப்பிட்டாலும் 11 மணிக்கெல்லாம் வயிறு கிள்ளும். இட்லியைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைத்தேன். கூடவே ஒரு அவித்த முட்டை. அதில் சுமார் 6 கிராம் புரதம். தேங்காய்ச் சட்னி போய் வேர்க்கடலைச் சட்னி வந்தது. பசி மதியம் வரை தாங்குகிறது.

வீட்டில் முட்டை கூடாத வெள்ளிக்கிழமைகளில் முளைகட்டிய பச்சைப்பயறு. இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்துத் துணியில் கட்டிவைத்தால் மறுநாள் முளை எட்டிப்பார்க்கும். துணி காய்ந்துவிடாமல் அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். பச்சையாகத் தின்றால் எனக்கு வாயு. ஆவியில் வேகவைத்து, கடுகு, வரமிளகாய் தாளித்து எலுமிச்சை பிழிவேன். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக் கூறு பயறில் நிறைய உண்டு. புரதப் பவுடர் வாங்கச் சொன்ன நண்பரும் இப்போது பயறு ஊறவைக்கிறார்.