டிராஃப்டுக்கு முன் ஒரு குவார்ட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இன் அணிகள் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதம் ஏழு சுற்றுகளாக நடக்கிறது. அதில் மிக அதிகம் விவாதிக்கப்படுவதும், தவறிப்போனால் ஓர் அணியைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளுவதும், பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் தேர்வுதான். 1998-இல் முதலிடத்தில் பெய்ட்டன் மேனிங்கும் அடுத்த இடத்தில் ரயன் லீஃபும் எடுக்கப்பட்டனர். இருவரில் யாரை முதலில் எடுப்பது என்று அன்று உண்மையாகவே விவாதம் நடந்தது. லீஃப் தம் தொழில்முறை வாழ்வை 14 டச்டவுன் பாஸ்களோடும் 36 இன்டர்செப்ஷன்களோடும் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்கள்) முடித்துக்கொண்டார். 2000-இல் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஏழு முறை வென்றார். சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கும் இது கடினம் என்றால், வீட்டிலிருந்து பார்க்கும் நமக்கு ஓர் ஒழுங்கான முறை கட்டாயம் தேவை. நான் பின்பற்றும் முறையைக் கீழே எழுதுகிறேன். ஆட்டத்தின் விதிகளும் டவுன் கணக்கும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த ஆட்டங்களைப் பார்ப்பது

முதலில், ஊடகங்கள் வெளியிடும் தரவரிசைப் பட்டியல்களைப் படிக்காமல் தள்ளிவையுங்கள். ஒருவர் முதல் சுற்றில் எடுக்கப்படுவார் என்று தெரிந்த பிறகு பார்த்தால், அவருடைய தவறுகளுக்கு நம் மனமே சமாதானம் தேடத் தொடங்கிவிடும். அவர் ஆடிய கடைசிப் பருவத்திலிருந்து நான்கு ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்: மிக வலுவான தடுப்பணிக்கு எதிரான ஒன்று, அவருடைய அணி தோற்ற ஒன்று, வெளியூர் மைதானத்தில் நடந்த ஒன்று, எந்தச் சிறப்பும் இல்லாத சாதாரணமான ஒன்று. சிறந்த வீச்சுகளை மட்டும் தொகுத்த காணொளிகளால் இந்த வேலைக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரு குவார்ட்டர்பேக்கின் ஒவ்வொரு ஸ்னாப்பையும் (பந்து பின்னால் தரப்பட்டு ஆட்டம் தொடங்கும் கணம்) வரிசையாக வெட்டித் தரும் காணொளிகள் யூடியூபில் கிடைக்கின்றன, அவற்றையே தேடுங்கள். 22 ஆட்டக்காரர்களையும் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) காட்டும் பயிற்சியாளர் படம் கைக்குக் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை, ஆனால் பல்கலைக்கழக ஆட்டங்களுக்கு அது பொதுமக்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. யூடியூபில் காணொளியை நிறுத்திவிட்டு விசைப்பலகையின் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாகப் பின்னும் முன்னும் நகரலாம். அடுத்த படிகளுக்கு இது இன்றியமையாதது.

படி 2: பதிவேடு

ஒரு விரிதாளைத் திறந்து, பாஸ் வீசப் பின்வாங்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். டவுனும் தூரமும், அழுத்தம் இருந்ததா இல்லையா, முதல் இலக்குக்கே வீசினாரா அல்லது அடுத்த இலக்குக்குப் போனாரா, பந்து எந்த இடத்தில் போய்ச் சேர்ந்தது, கடைசியாக முடிவு. இந்த வரிசை முக்கியமானது. முடிவைக் கடைசிப் பத்தியில் வைக்க வேண்டும். நிரப்பும்போதும் கடைசியாகத்தான் நிரப்ப வேண்டும். பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவரின் மார்புக்கு நேராக வந்த பந்தை அவர் நழுவவிட்டால் அது நல்ல வீச்சு. தடுப்பாளரின் இரு கைகளிலும் பட்டுத் தெறித்துத் தற்செயலாக வீசியவரின் அணியிடமே போய்ச் சேர்ந்த பந்து, புள்ளிவிவரத்தில் நிறைவுற்ற பாஸாக இருந்தாலும், மோசமான வீச்சு. ஸ்கிரீன் பாஸ்களையும் (தம் தடுப்பவர்களுக்குப் பின்னால் நிற்பவருக்குத் தரும் குறும்பாஸ்கள்), ஸ்னாப் ஆனவுடனே பக்கவாட்டில் தள்ளிவிடும் பாஸ்களையும் தனி நிறத்தில் குறித்துவையுங்கள்; அவை பயிற்சியாளர் எடுத்த முடிவுகள், இளைஞருடையவை அல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் தரும் தளங்கள் உள்ளன. அவற்றின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் உங்கள் பதிவேடு முடிந்த பிறகே அவற்றைப் பாருங்கள்.

படி 3: கண்களையும் கால்களையும் படிப்பது

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் திணறுவது இங்கேதான். ஆகவே இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

ஒரு ஆட்டத்தை இருமுறை பாருங்கள். முதல் முறை பந்தைப் பின்தொடரலாம். இரண்டாம் முறை பந்தையே பார்க்கக் கூடாது. குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்தையும் முன்காலையும் மட்டுமே பார்க்க வேண்டும். அவர் பின்வாங்கி முடிக்கும் கணத்தில் காணொளியை நிறுத்துங்கள். தலைக்கவசம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? முன்காலின் நுனி எங்கே நோக்குகிறது? அங்கிருந்து சட்டம் சட்டமாக நகர்த்தும்போது, கவசம் வேறு பக்கம் திரும்ப, அதோடு கால்களும் புதிதாக ஊன்றிக்கொண்டால், அவர் முதல் இலக்கை விட்டு இரண்டாவதைத் தேடுகிறார் என்று பொருள். கவசம் திரும்பிய பின்னும் கால்கள் பழைய திசையிலேயே நின்று, இறுதியில் அந்தப் பழைய திசைக்கே பந்து போனால், அவர் இரண்டாவது இலக்கைத் தேடவில்லை. பெரும்பாலும், ஆழத்தில் நிற்கும் தடுப்பாளரான சேஃப்டியைக் கண்களால் ஏமாற்றி நகர்த்தியிருக்கிறார். இரண்டுமே நல்ல திறமைகள், ஆனால் வெவ்வேறு திறமைகள். இரண்டுக்கும் ஒரே குறி போட்டால் பதிவேடு குழம்பிவிடும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. முதல் இலக்கில் ரிசீவர் தடையின்றி நிற்கும்போதே அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போவது. பார்ப்பதற்கு அது முதிர்ச்சியான ஆட்டம்போலத் தோன்றும். உண்மையில் கண்ணெதிரே இருப்பதை நம்பாத தயக்கம் அது, அந்தத் தயக்கம் தொழில்முறை ஆட்டத்தின் வேகத்தில், வீசும் முன்பே பந்தோடு வீழ்த்தப்படும் ‘சாக்’காக மாறும். தொலைக்காட்சிப் படத்தில் ரிசீவர்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதால் இதை எப்போதும் உறுதிசெய்ய முடியாது. மறுஒளிபரப்புக் கோணம் வரும்வரை அந்த வரியை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

படி 4: அழுத்தத்தின் கீழ்

இப்போது, அழுத்தம் இருந்தது என்று குறித்த வரிகளை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எத்தனை சாக்கில் முடிந்தன என்ற விகிதத்தைக் கணக்கிடுங்கள். என் கருத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்கு ஒருவர் சுமந்துசெல்லும் பழக்கங்களில் முதன்மையானது இது. எதிரி எத்தனை முறை நெருங்கினான் என்பதில், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஆஃபென்சிவ் லைனுக்குப் பங்குண்டு. நெருங்கிய பின் பந்தோடு வீழ்ந்தாரா, வெளியே தள்ளினாரா, ஒரு அடி முன்னேறி வீசினாரா என்பது குவார்ட்டர்பேக்கின் கையில் இருக்கிறது. நான்கு ஆட்டங்களில் கிடைக்கும் எண்ணிக்கை சிறியது என்பதால், ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடும் முன் மேலும் சில ஆட்டங்களைச் சேர்ப்பது நல்லது.

படி 5: புள்ளிவிவரங்களைத் திருத்திப் படிப்பது

பல்கலைக்கழகப் புள்ளிவிவரத்தில் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது சாக் கணக்கு. அங்கே சாக்கில் இழந்த யார்டுகள் குவார்ட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. 60 யார்டு ஓடியவர் சாக்குகளில் 40 யார்டு இழந்தால், அவர் 20 யார்டு மட்டுமே ஓடியதாகப் பதிவாகும். அதனால் நல்ல ஓட்டக்காரர் சுமாரானவராகத் தெரிவார். அதே சமயம் பாஸ் சராசரியில் சாக்கின் சேதம் தெரியவே தெரியாது. இதைச் சரிசெய்ய நான் பயன்படுத்தும் சூத்திரம் இது: பாஸ் யார்டுகளோடு ஒவ்வொரு டச்டவுனுக்கும் 20-ஐக் கூட்டி, ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் 45-ஐக் கழித்து, சாக்கில் இழந்த யார்டுகளையும் கழித்து, வரும் தொகையைப் பாஸ் முயற்சிகளும் சாக்குகளும் சேர்ந்த எண்ணால் வகுக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: 300 முயற்சிகள், 2,700 யார்டுகள், 24 டச்டவுன்கள், 8 இன்டர்செப்ஷன்கள், 170 யார்டுகள் இழந்த 25 சாக்குகள். சாக்கை விட்டுவிட்டால் 9.4 வரும்; சேர்த்தால் ஏறத்தாழ 8.15-ஆக இறங்கும்.

இரண்டாவது பொறி, பந்தை வைக்கும் பகுதியின் இரு எல்லைகளைக் காட்டும் ஹாஷ் கோடுகள். மைதானத்தின் அகலம் இரண்டு நிலைகளிலும் 160 அடிதான். ஆனால் ஹாஷ் கோடுகளுக்கு இடையிலான இடைவெளி பல்கலைக்கழகத்தில் 40 அடி, என்.எஃப்.எல்.-இல் 18 அடி 6 அங்குலம். அதாவது, பல்கலைக்கழகத்தில் பந்து ஹாஷ் கோட்டில் வைக்கப்படும்போது அருகிலுள்ள எல்லைக்கோடு 60 அடியில் இருக்கிறது. தொழில்முறையில் அது 70 அடி 9 அங்குலம். குறுகிய பக்கத்து எல்லையோரம் ஒருவர் விசையோடு வீசுவதைப் பார்த்துவிட்டு அவருக்கு வலுவான கை என்று முடிவுகட்டாதீர்கள். அகலப் பக்கத்தில், 100 அடிக்கு அப்பாலுள்ள எல்லைக்கோட்டை நோக்கி அவர் வீசும் பந்துகளைத் தேடிப்பிடித்துப் பாருங்கள். கையின் வலிமை அங்கேதான் வெளிப்படும்.

படி 6: சூழல்

நிறைவு விகிதம் ஆட்டக்காரரை மட்டும் அளப்பதில்லை. ஜோ பர்ரோ 2018-இல் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணிக்காக 57.8 விழுக்காடு பாஸ்களை நிறைவுசெய்தார். அடுத்த ஆண்டு புதிய பாஸ் திட்டம் வந்தது, ரிசீவர்களும் முதிர்ந்தனர், அவர் 76.3 விழுக்காட்டையும் 60 டச்டவுன் பாஸ்களையும் எட்டி, 2020 டிராஃப்டில் முதலிடம் பெற்றார். ஜோஷ் ஆலன் வயோமிங் அணிக்காக ஆடிய காலத்தின் மொத்த நிறைவு விகிதம் 56.2. அதைக் காரணம் காட்டிப் பலர் அவரை நிராகரித்தனர். பஃபலோ அணி 2018-இல் ஏழாமிடத்தில் எடுத்த அவர், முதல் ஆண்டில் 52.8 விழுக்காட்டோடு தடுமாறி, 2020-இல் 69.2-ஐ எட்டினார். ஆனால் குறைந்த விகிதத்தோடு வரும் ஒவ்வொருவரும் இன்னொரு ஆலன் என்று நம்புவதும் தவறு. அவருடைய வளர்ச்சி அரிய விதிவிலக்கு.

எத்தனை ஆட்டங்களில் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக இருந்தார் என்பதையும் இங்கேயே குறியுங்கள். 2017-இல் இரண்டாமிடத்தில் எடுக்கப்பட்ட மிட்செல் ட்ருபிஸ்கியும், 2023-இல் நான்காமிடத்தில் எடுக்கப்பட்ட ஆந்தனி ரிச்சர்ட்சனும் தலா 13 ஆட்டங்களில் மட்டுமே தொடங்கியவர்கள். 2024-இல் 12-ஆவதாக எடுக்கப்பட்ட போ நிக்ஸ் 61 ஆட்டங்களில் தொடங்கியவர். ஒரே முழுப் பருவத்தோடு வந்து வென்ற கேம் நியூட்டனும் இருக்கிறார். எண்ணிக்கை குறைவாக இருந்தால் அவரை விலக்க வேண்டியதில்லை. உங்கள் மதிப்பீட்டின் மீது நீங்கள் வைக்கும் நம்பிக்கையைத்தான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

படி 7: அளவுகளும் சோதனைகளும்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். இண்டியானாபொலிஸில் நடக்கும், டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாமான கம்பைனில் பிரேடி 40 யார்டை 5.28 வினாடிகளில் ஓடினார். அதிலிருந்து எவரும் எதையும் அறிய முடிந்திருக்காது. பர்ரோவின் விரித்த உள்ளங்கை 9 அங்குலம்தான் என்று கவலைப்பட்டார்கள். அவர் தம் இரண்டாம் ஆண்டிலேயே அணியைச் சூப்பர் பௌலுக்கு அழைத்துச் சென்றார். பல்கலைக்கழக வளாகங்களில் நடத்தப்படும் புரோ டே எனும் சோதனை நிகழ்ச்சிகளில் எதிரே தடுப்பாளரே இல்லை. 2021-இல் ஸாக் வில்சன் ஓடிக்கொண்டே வீசிய நீண்ட பந்து அங்கே எல்லோரையும் வியக்க வைத்தது. இரண்டாமிடத்தில் அவரை எடுத்த ஜெட்ஸ் அணியில் அவர் மூன்று பருவங்களுக்கு மேல் நீடிக்கவில்லை.

படி 8: தீர்ப்பு எழுதுவது

ஒரு பத்தியில் எழுதுங்கள். மதிப்பெண் மட்டும் போதாது. இவர் எந்த வகைத் திட்டத்தில் உடனே ஆட முடியும், எதற்காக ஓராண்டு காத்திருக்க வேண்டும், எந்தச் சுற்றில் எடுத்தால் தகும் என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். பேட்ரிக் மஹோம்ஸ் 2017-இல் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் அமர்ந்து ஒரே ஆட்டத்தில்தான் தொடங்கினார். அடுத்த ஆண்டு லீகின் மிக மதிப்புவாய்ந்த ஆட்டக்காரரானார். போய்ச் சேரும் இடமும் ஒருவரை உருவாக்குகிறது என்பதால், டிராஃப்ட் முடிந்த பின் அந்த அணியைப் பற்றி இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்பு எழுதிய தீர்ப்பைத் திருத்தாதீர்கள்.

பின்சேர்க்கை

பல்கலைக்கழகம் மாறி மாறி ஆடியவர்களை எப்படி மதிப்பிடுவது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். மேலே அதை நான் தொடவில்லை. இன்று அது தவிர்க்க முடியாத கேள்வி. 2025-இல் முதலிடத்தில் எடுக்கப்பட்ட கேம் வார்டு இன்கார்னேட் வேர்டு, வாஷிங்டன் ஸ்டேட், மயாமி என மூன்று அணிகளுக்கு ஆடியவர். இத்தகையவருக்கு ஒவ்வொரு அணிக்கும் ஒரு தனித் தாள் வைத்து, படி 3-ஐயும் படி 4-ஐயும் மட்டும் எல்லாவற்றிலும் செய்யுங்கள். பயிற்சியாளரும் ரிசீவர்களும் மாறிய பிறகும் மாறாமல் தொடரும் குணங்கள், நல்லவையானாலும் கெட்டவையானாலும், அவருடையவை. ஓர் அணியில் மட்டும் தெரிந்து மறைந்தவற்றை அந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதுங்கள். நேரம் குறைவாக இருந்தால் முதல் அணியின் கடைசி ஆட்டத்தையும் புதிய அணியின் முதல் ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.