வார்டிலிருந்து வகுப்பறைக்கு: கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் தாதிமை கற்பிக்க விரும்புகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது, ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமோ ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயமோ, தாதி வேலையில் இருக்கும் தங்கைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, கிறிஸ்தவ யுனிவர்சிட்டியில நர்சிங் சொல்லித்தரணும்னா என்ன படிக்கணும்?" படிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம், எங்கே போய்க் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

ஏனென்றால் சிங்கப்பூரில் தாதிமைப் பட்டம் தரும் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் கிடையாது. கிறிஸ்தவ மருத்துவமனைகள் இருக்கின்றன: கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் 1961இல் திறந்த மவுண்ட் அல்வெர்னியா, செயின்ட் ஆண்ட்ரூஸ் சமூக மருத்துவமனை, செயின்ட் லூக்ஸ். ஆனால் பட்டப்படிப்பு என்றால் என்யுஎஸ் எனப்படும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் லீ தாதிமை மையம், எஸ்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள்தான், அவை எந்த மதத்தையும் சாராதவை. ஆகவே வெளிநாடு போயாக வேண்டும், ஒவ்வொரு நாட்டின் கணக்கும் வேறு.

வேலூரை நினைக்கிறவர்கள் நம்மில் நிறைய. அங்குள்ள சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தாதியர் கல்லூரி தனிப் பல்கலைக்கழகம் அல்ல, தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஆனாலும் 1946இலேயே பிஎஸ்சி நர்சிங் தொடங்கிய இடம் அது, கிறிஸ்தவத் தாதிமைக் கல்வி என்றதும் தமிழர்களுக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும். இந்தியாவில் விரிவுரையாளராக மேலே போக எம்எஸ்சி நர்சிங் வேண்டும். அதில் சேர பிஎஸ்சி முடித்து ஓராண்டாவது வேலை செய்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் படித்த பட்டமாக இருந்தால், அது அங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்க வேண்டும், அப்புறம் மாநில கவுன்சிலில் பதிவு. காகித வேலை மெதுவாகத்தான் நகரும், அதனால் அதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஆஸ்திரேலியன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1991இல் உருவானது, பல நகரங்களில் தாதிமை கற்பிக்கிறது. அந்த நாட்டுப் பொது விதி எளிமையானது: நீங்கள் கற்பிக்கும் படிப்பைவிட ஒரு படி மேலான தகுதி, அல்லது அதற்கு ஈடான அனுபவம் உங்களிடம் இருக்க வேண்டும். இளநிலை மாணவர்களுக்குக் கற்பிக்க, மாஸ்டர்ஸ் கையில் இருந்தால் தைரியமாக விண்ணப்பிக்கலாம், நிரந்தரப் பதவிக்குப் பிஎச்டி. அமெரிக்காவில் லோமா லிண்டா, பயோலா போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்கு மதிப்பு அதிகம். அங்கே ஆராய்ச்சிக்கு பிஎச்டி, நோயாளிகளைப் பராமரிக்கும் பணியின் உச்சத்துக்கு டிஎன்பி (டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்) என்று இரண்டு பாதை உண்டு. ஆய்வுக் கட்டுரை எழுதப் பிடிக்காதவர்கள் பிஎச்டியில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இங்கேயே மாஸ்டர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என்யுஎஸ்ஸின் மாஸ்டர் ஆஃப் நர்சிங், உயர்நிலைத் தாதியாக நோயாளிகளைப் பார்க்கத் தயார்படுத்தும் படிப்பு. அருமையான படிப்புதான், ஆனால் பாடம் நடத்துவது எப்படி என்பது அதன் மையம் அல்ல. கற்பிக்கும் அனுபவத்தை நீங்கள்தான் வேறு வழியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அது கிடைக்கும் இடம் உங்கள் வார்டுதான். நன்யாங், ங்கீ ஆன் பாலிடெக்னிக் மாணவர்கள், ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) மாணவர்கள் போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, வரும்போது அவர்களைக் கூடவே வைத்துப் பழக்கும் பிரிசெப்டராக இருக்கிறேன் என்று நீங்களாகவே கேளுங்கள். "எனக்கே நேரமில்லை" என்று ஒதுங்கினால் இந்தப் பாதை அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எந்த ஆண்டு மாணவர், என்ன திறன், எப்படிக் காட்டினீர்கள், எங்கே தடுமாறினார், அடுத்த முறை என்ன மாற்றினீர்கள். நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ அதில் வரக் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால் நேர்காணலில் வேறு யாரும் கொண்டுவராத ஒன்று உங்கள் கையில் இருக்கும். நம் மருத்துவமனைகளில் கல்விப் பிரிவு என்று தனிப் பதவிப் பாதை இருக்கிறது. நர்ஸ் மேனேஜரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், நர்ஸ் எஜுகேட்டர் பொறுப்பு காலியானால் உங்கள் பெயர் ஞாபகம் வர வேண்டும்.

பணத்தையும் பேசிவிடலாம். மருத்துவமனை கொடுக்கும் படிப்பு உதவிக்கு அநேகமாகப் பாண்டு, அதாவது இத்தனை ஆண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம், இருக்கும், கையெழுத்துப் போடும் முன் ஆண்டுகளை எண்ணுங்கள். 2024இல் அறிவித்த ஏஞ்சல் திட்டத்தில், பொது மருத்துவமனையில் தொடர்ந்து இருக்கும் தாதிகளுக்கு 20 ஆண்டுகளில் 1 லட்சம் வெள்ளி வரை கிடைக்கலாம். பாதியில் விட்டுப் போனால் எதை இழக்கிறீர்கள் என்பதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

இனி, வேறு எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காத ஒன்று: விசுவாச அறிக்கை. இந்த விஷயத்தில் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. பயோலா போன்றவை தங்கள் விசுவாசப் பிரமாணத்தை நீங்கள் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்கும், போதகரின் கடிதம் கேட்கும் இடங்களும் உண்டு. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, தங்கள் நோக்கத்தை மதித்து நடந்தால் போதும் என்று மற்ற மதத்தினரையும் எடுக்கின்றன. எதில் எது என்று முதலிலேயே படித்துவிடுங்கள். மனம் ஒப்பாத வாசகத்தின் கீழ் வேலைக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள், ஆண்டுக்கணக்கில் அதோடு வாழ வேண்டியவர் நீங்கள்.

உங்கள் சொந்த விசுவாச அறிக்கையை எழுதும்போது வசனங்களை அடுக்கிப் பக்கத்தை நிரப்பாமல், உங்கள் விசுவாசம் ஒரு நோயாளியின் படுக்கை ஓரத்தில் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். சிங்கப்பூர் தாதிக்கு இதில் பெரிய பலம் இருக்கிறது. ஒரே வார்டில் சீனத் தாத்தா, மலாய் அம்மா, நம்ம பாட்டி எல்லாரும் இருப்பார்கள். அறுவைக்கு முன்னால் நெற்றியில் விபூதி வைக்க வேண்டும் என்று பாட்டி கேட்கிறார். மாணவி பக்கத்தில் நிற்கிறாள். வெட்டும் இடத்தில் படாமல் பார்த்துக்கொண்டு, மகனை அழைத்து, தியேட்டருக்குத் தள்ளும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கொடுப்பது எப்படி என்று அவளுக்குக் காட்டுகிறீர்கள். அதுதான் கிறிஸ்தவ அன்பு என்று நான் நம்புகிறேன். படுத்திருக்கிறவரிடம் பிரசங்கம் செய்வது அன்பு அல்ல, அவரால் எழுந்து போகக்கூட முடியாது. 1990இலேயே மத நல்லிணக்கச் சட்டம் கொண்டுவந்த நாட்டில் வளர்ந்த நமக்கு இது பழக்கமான ஒழுங்குதான்.

ஆன்மிகத் தேவையை முறையாகக் கேட்டறிய ஃபைக்கா என்ற கேள்வி வரிசை இருக்கிறது, டாக்டர் கிறிஸ்டினா புசால்ஸ்கி உருவாக்கியது: நம்பிக்கை என்ன, அது எவ்வளவு முக்கியம், துணைக்கு எந்தச் சமூகம், நாங்கள் என்ன செய்ய வேண்டும். அதை மாணவர்களுக்குக் கற்பித்துப் பழகுங்கள். மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லும் நேர்காணல்களில் இதையே தலைப்பாக எடுக்கலாம். சொற்பொழிவு வேண்டாம், இரண்டு பேரை நோயாளியும் தாதியுமாக உட்கார வைத்து நடத்துங்கள், மாணவர்களே பேசட்டும்.

விண்ணப்பம் அனுப்பும் முன் சிங்கப்பூர் தாதியர் வாரியப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பதிவுக்கு உங்கள் பதிவை வாரியம் உறுதிப்படுத்திக் கடிதம் தர வேண்டியிருக்கும், அதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.