சாரிட்டி கடைகளில் ஏறும் விலை: வாங்குவோரும் கொடுப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் இரண்டு மூன்று சாரிட்டி கடைகளாவது கண்ணில் படும்: மக்கள் கொடுத்த பழைய பொருள்களை விற்றுத் தொண்டு அமைப்புகள் பணம் சேர்க்கும் கடைகள். ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், பர்னார்டோஸ், கேன்சர் ரிசர்ச் என்று பலகையில் பெயர் மாறும். உள்ளே போய் வந்தவர்கள் சொல்வது மட்டும் இப்போது ஒன்றுதான்: "முன்பு போல இல்லை, விலை ஏறிவிட்டது." அது உண்மை. ஆனால் ஏன் ஏறியது, எந்த விலை நியாயம், எது நியாயமில்லை என்று பார்க்காமல் கோபப்படுவதால் ஒரு பயனும் இல்லை. கடை நடக்கும் விதம் தெரியாததால் வாங்குபவர் தேவையில்லாமல் பணம் இழக்கிறார். கொடுப்பவரின் நல்லெண்ணமோ குப்பைத்தொட்டியில் முடிகிறது.

மலிவாக விற்பதுதான் அந்தக் கடையின் வேலை என்று நினைப்பது

பெரும்பாலான மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபாம் 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கப்பட்டது. போர்க்கால முற்றுகையில் பட்டினி கிடந்த கிரீஸ் மக்களுக்கு உணவு அனுப்ப வேண்டும் என்பதே அதன் முதல் கவலை. 1940களின் இறுதியில் அதே நகரின் பிராட் தெருவில் அவர்கள் கடை திறந்தது, வந்த பொருள்களை விற்று அந்த வேலைக்குப் பணம் சேர்க்க. ஏழைகளுக்கு மலிவுத் துணி கிடைத்தது கூடவே வந்த நன்மை. நல்ல நன்மை, காப்பாற்ற வேண்டிய நன்மை. ஆனால் கடையின் மேலாளரிடம் தலைமையகம் கேட்கும் கேள்வி "இந்த வாரம் எவ்வளவு வந்தது?" என்பதுதான்.

இதை ஏற்றுக்கொண்டால் ஒரு விஷயம் தெளிவாகும். யாரோ கொடுத்த நல்ல தோல் கைப்பையை 5 பவுண்டுக்கு விற்றால், வாங்கியவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அதற்கு 60 பவுண்டு தர ஒருவர் இருந்தால், மீதி 55 பவுண்டு புற்றுநோய் ஆய்வுக்கோ வீடற்றவருக்கோ போகாமல் நின்றுவிடுகிறது. அரிய பொருளுக்கு முழு விலை கேட்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. குழந்தையின் குளிர்கால மேலங்கி, போர்வை, சமையல் பாத்திரம் ஆகியவற்றின் விலையை ஏற்றும்போதுதான் வலிக்கிறது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "எல்லாம் பேராசை" என்று சொல்வது முதல் தவறு.

"சும்மா கிடைத்த பொருள்தானே, எல்லாம் லாபம்" என்று கணக்குப் போடுவது

பொருள் சும்மா வருகிறது. கடை சும்மா நடப்பதில்லை. வாடகை, மின்சாரம், பொருள் ஏற்றும் வண்டி, விற்க முடியாததை அப்புறப்படுத்தும் கட்டணம், மேலாளரின் சம்பளம் எல்லாம் இருக்கின்றன. தன்னார்வலர்கள் ஊதியம் வாங்குவதில்லை; ஆனால் மேலாளரும் உதவி மேலாளரும் ஊழியர்கள். 2016 ஏப்ரலில் மணிக்கு 7.20 பவுண்டாக இருந்த தேசிய வாழ்வூதியம் (சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி) 2025 ஏப்ரலில் 12.21 பவுண்டானது. அதே மாதத்தில், முதலாளி ஊழியரின் சம்பளத்தின் மேல் அரசுக்குச் செலுத்த வேண்டிய தேசியக் காப்பீட்டு வீதம் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அதைக் கட்டத் தொடங்கும் ஆண்டுச் சம்பள எல்லை 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. பகுதிநேர ஊழியர்கள் நிறைய உள்ள இந்தக் கடைகளுக்கு அந்த எல்லை இறங்கியதுதான் பெரிய அடி.

சலுகைகளும் இல்லாமல் இல்லை. உள்ளூராட்சிக்குக் கட்டும் வணிக வரியில் 80 சதவீதம் கட்டாயத் தள்ளுபடி உண்டு. நன்கொடையாக வந்த பொருளை விற்றால் வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி பூச்சியம். அதனால்தான் இத்தனை கடைகள் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் அலமாரியில் நீங்கள் பார்க்கும் புத்தம்புதிய வாழ்த்து அட்டை, மெழுகுவர்த்தி, காலுறை போன்றவை மொத்தமாக வாங்கி விற்கப்படுபவை. அவற்றுக்கு இந்த வாட் சலுகை கிடையாது. நன்கொடைப் பொருள் வாங்குவதாக நினைத்து அவற்றைக் கூடையில் போடாதீர்கள்.

புதிய விலை தெரியாமல் வாங்குவது

வாங்குபவர் அதிகம் இழப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பின்னறையில் துணிப்பைகளைப் பிரித்து விலைச்சீட்டுக் குத்துகிறவர் ஒரு தன்னார்வலர். எல்லா பிராண்டும், எல்லா விலையும் ஒருவருக்குத் தெரிந்திருக்க முடியாது. "பெண்கள் மேற்சட்டை இவ்வளவு, கால்சட்டை இவ்வளவு" என்று சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து விலை போடுவார். அதனால் மலிவுத் துணிக்கடையான பிரைமார்க்கில் புதிதாகவே சில பவுண்டுக்குக் கிடைக்கும் சட்டையும், பத்து வருடம் உழைக்கக்கூடிய கம்பளிச் சட்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே விலையில் தொங்கும். முன்னது உங்களுக்கு நட்டம், பின்னது லாபம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

முதலில் கழுத்துப்பட்டைச் சீட்டைப் பாருங்கள். சூப்பர்மார்க்கெட்டுகளின் சொந்தத் துணிப் பெயர்களும், இணையத்தில் மட்டும் விற்கும் மலிவு நிறுவனங்களின் பெயர்களும் எவை என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்து உள்பக்கச் சீட்டில் துணியின் கலவையைப் படியுங்கள்: கம்பளி, பருத்தி, லினன், பட்டு என்று இருந்தால் நின்று யோசிக்கலாம். பிறகு தையல். அக்குளையும் தொடை உட்பக்கத்தையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தேய்ந்த இடத்தில் ஒளி ஊடுருவும். ஜிப்பை ஒருமுறை முழுவதும் இழுத்து மூடுங்கள். கம்பளியில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் இருந்தால் அந்துப்பூச்சி. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனால் மற்றத் துணிகளுக்கும் அது பரவலாம்.

பழைய பெயர் கண்டால் மதிப்பு கூடுகிறது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தன் துணிகளில் போட்டுவந்த "செயின்ட் மைக்கேல்" என்ற பெயரை 2000இல் கைவிட்டது. அந்தச் சீட்டோடு ஒரு மேலங்கி கிடைத்தால் அதற்குக் குறைந்தது கால் நூற்றாண்டு வயது. இத்தனை காலம் தாங்கியிருக்கிறது என்பதே அதன் தரத்துக்குச் சான்று.

அடுத்தது இணைய விலை. கைபேசியில் ஈபேயைத் திறந்து, யாரோ 80 பவுண்டு கேட்டிருப்பதைப் பார்த்து, கடையில் 40 என்றால் மலிவு என்று முடிவு கட்டுகிறோம். கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் போடலாம். வடிகட்டியில் "விற்றுமுடிந்தவை" என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் விலை. இதே தவறைக் கடைக்காரர்களும் செய்கிறார்கள். மாதக்கணக்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தூசு படிந்து நிற்கும் பீங்கான் சாமான்கள் பலவற்றின் கதை இதுதான்.

இன்னொரு குறிப்பு. பல கடைகளில் விலைச்சீட்டில் வார எண் இருக்கும். இரண்டு மூன்று வாரம் விற்காத பொருளின் விலையைக் குறைப்பார்கள், அல்லது வேறு கிளைக்கு மாற்றுவார்கள், அதற்கும் பிறகு பழந்துணி வியாபாரிக்கு எடைக்குப் போடுவார்கள். அவசரமில்லாத பொருளென்றால் வார எண்ணைப் பார்த்துக் காத்திருக்கலாம்.

நல்ல பொருள் காணாமல் போனதற்கு ஒரே காரணம் தேடுவது

"வாங்கி விற்கிறவர்கள் காலையிலேயே வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள்" என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் நம் வீடுகளுக்குள் நடந்தது. 2008இல் லித்துவேனியாவில் தொடங்கிய வின்டெட் போன்ற, பயன்படுத்திய உடைகளை விற்கும் செயலிகள் வந்தபின், நல்ல சட்டையை மக்கள் தாங்களே விற்கிறார்கள். விற்காததைத்தான் சாரிட்டி கடைக்குத் தருகிறார்கள். வரும் துணியில் மலிவு ரகமும் பெருகிவிட்டது. எஞ்சியிருக்கும் நல்லவற்றை அமைப்புகளும் இப்போது உள்ளூர் அலமாரியில் வைப்பதில்லை. ஆக்ஸ்ஃபாம் 2007லேயே இணையக் கடை திறந்துவிட்டது. அரிய புத்தகமும் பெயர்பெற்ற உடையும் அங்கேயோ தனிச் சிறப்புக் கடைகளுக்கோ போகின்றன. பணம் சேர்க்கும் கோணத்தில் இது சரி. ஆனால் தெருவோரக் கடைக்குள் எதிர்பாராத நல்ல பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஆட்கள் உள்ளே வருகிறார்கள்; அந்த நம்பிக்கையை முழுவதும் துடைத்தெடுத்தால் வரத்தும் குறையும். இதை நிர்வாகங்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது என் கருத்து.

உங்களுக்கு உரிமையே இல்லை என்று எண்ணுவது

பழைய பொருள்தானே, கேட்க முடியாது என்று பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். சாரிட்டி கடையும் சட்டப்படி வணிகர்தான். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். பொருளின் வயதையும் விலையையும் கருதி ஏற்கத்தக்க தரம் இருக்க வேண்டும். சொன்ன விவரத்துக்கு மாறாக இருக்கக் கூடாது. வேலை செய்யும் என்று விற்ற விளக்கு வேலை செய்யவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். வாங்கும்போதே கண்ணுக்குத் தெரிந்த கறைக்கும் கிழிசலுக்கும் இது செல்லாது. மனம் மாறிவிட்டது என்பதற்கும் செல்லாது. அது கடையின் விருப்பம். அதே அமைப்பின் இணையக் கடையில் வாங்கினால், மனம் மாறினாலும் ரத்து செய்ய 14 நாள் அவகாசம் உண்டு. செயலியில் தனியாள் ஒருவரிடம் வாங்கும்போது சட்டப் பாதுகாப்பு மிகவும் சுருங்கிவிடும். பெரும்பாலும் பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்ற அளவோடு நின்றுவிடும். ரசீதை எறியாதீர்கள்.

பூட்டிய கதவின் முன் பையை வைத்துவிட்டுப் போவது

கொடுக்கும் பக்கத்தில் இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. இரவில் மழை பெய்யும், யாராவது கிழித்துக் கிளறுவார்கள், காலையில் அது குப்பை. அதை அகற்றும் காசு, நீங்கள் உதவ நினைத்த அதே பணிக்கான பணத்திலிருந்து போகும். சட்டத்தின் பார்வையிலும் அது தெருவில் குப்பை கொட்டுவதாகக் கருதப்படலாம்.

எதைக் கொடுக்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். தீப்பாதுகாப்புச் சீட்டு இல்லாத சோபாவை 1988ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்களால் விற்க முடியாது. "அரிக்கிறது" என்று அந்தச் சீட்டை வெட்டி எறிந்தவர்கள் நல்ல சோபாவையே விற்க முடியாததாக்கிவிட்டார்கள். மின்சாதனத்தைச் சோதிக்க ஆள் இருக்கும் கிளைதான் ஏற்கும். குழந்தைகளுக்கான கார் இருக்கையையும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தையும் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், விபத்தில் அடிபட்டதா என்று வெளியே தெரியாது என்பதால். பாதுகாப்புக் குறி இல்லாத பொம்மையும் அப்படியே. கிழிந்த துணியைத் தனிப் பையில் போட்டு, அது பழந்துணி என்று எழுதிக் கொடுங்கள். சில கடைகள் எடைக்கு விற்கும், சில வேண்டாம் என்னும், கேட்டுவிடுவது நல்லது. துவைத்துக் கொடுங்கள். காலணிகளைச் சோடியாகக் கட்டிக் கொடுங்கள். பின்னறைக் குவியலில் ஒற்றைக் காலணியின் இணையைத் தேட யாருக்கும் நேரமில்லை.

கிஃப்ட் எய்ட் படிவத்தைத் தள்ளிவிடுவது, அல்லது யோசிக்காமல் கையெழுத்திடுவது

இரண்டும் தவறு. கிஃப்ட் எய்ட் என்பது வரி கட்டுபவரின் நன்கொடையோடு அரசும் ஒரு தொகை சேர்க்கும் திட்டம். நீங்கள் பிரிட்டனில் வருமான வரி கட்டுபவரானால், உங்கள் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் அந்த அமைப்புக்குக் கூடுதலாகக் கிடைக்கும். பொருளுக்கு நேரடியாக இந்தச் சலுகை இல்லை. அதனால் உங்கள் முகவராகக் கடை அதை விற்று, கிடைத்த பணத்தை நீங்கள் நன்கொடையாகத் தருவதாக ஏற்பாடு. பைகளில் ஒட்டத் தரும் பட்டைக்குறிச் சீட்டு அதற்குத்தான். எவ்வளவு கிடைத்தது என்று பின்னர் கடிதமோ மின்னஞ்சலோ வரலாம். ஆனால் நீங்கள் கட்டிய வரியைவிட அவர்கள் கோரும் தொகை அதிகமானால், வித்தியாசத்தை நீங்கள்தான் அரசுக்குக் கட்ட வேண்டும். ஓய்வு பெற்று வரி எல்லைக்குக் கீழே வருமானம் உள்ள பெற்றோரின் பெயரில் படிவம் நிரப்புவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வரி நிலை மாறினால் அமைப்புக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

கல்லாவில் நிற்பவரிடம் சண்டை போடுவது

பெரும்பாலும் விலையை அவர் முடிவு செய்வதில்லை, சம்பளமும் வாங்குவதில்லை. ஒரு பவுண்டு குறைக்கச் சொல்லி அவரை நெருக்குவதும், மலிவான சீட்டைக் கழற்றி வேறு துணியில் மாட்டுவதும் கேவலம், பின்னது திருட்டு. விலை நியாயமில்லை என்று தோன்றினால் மேலாளரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், அல்லது தலைமையகத்துக்கு எழுதுங்கள். எந்தப் பொருள், புதிதாக என்ன விலை, இங்கே என்ன விலை என்று குறிப்பாக எழுதினால்தான் பட்டியலை மாற்ற அவர்களுக்கு வழி பிறக்கும்.

உண்மையாகவே கையில் காசில்லாதவர்கள் சாரிட்டி கடையோடு நின்றுவிடக் கூடாது. சில அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே சிறு விலைக்குத் தள்ளும் தனிக் கிளைகள் வைத்திருக்கின்றன. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு உடையும் தள்ளுவண்டியும் இலவசமாகத் தரும் 'பேபி பேங்க்' அமைப்புகள் பல ஊர்களில் உண்டு; பெரும்பாலும் செவிலியர், சமூகப் பணியாளர் வழியாகத்தான் அவற்றை அணுக முடியும் என்பதால் அவர்களிடம் கேளுங்கள். பள்ளிச் சீருடைக்கு, இங்கிலாந்தில் 2021இல் வந்த சட்டத்தை ஒட்டிய அரசு வழிகாட்டுதல், பயன்படுத்திய சீருடைகள் பெற்றோருக்குக் கிடைக்கும்படி பள்ளிகள் செய்ய வேண்டும் என்கிறது. எங்கே, எப்படி வாங்கலாம் என்பது பள்ளியின் இணையதளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.