கொழும்பில் இருந்தபடியே உலகப் பறவைக் கணக்கெடுப்பில் சேருவது எப்படி?

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி நடுப்பகுதியில், ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கித் திங்கள் வரை நான்கு நாட்கள், உலகம் முழுக்க மக்கள் கண்ணில் படும் பறவைகளை எண்ணிப் பதிவு செய்கிறார்கள். கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுன்ட் என்று பெயர். அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வுகூடமும் ஓடுபன் சங்கமும் 1998இல் இதைத் தொடங்கின. 2013 முதல் எந்த நாட்டிலிருந்தும் சேரலாம். கட்டணம் கிடையாது. பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டு பல்கனி போதும்.

நமக்கு இது நல்ல காலம். குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்த பறவைகள் அப்போது இன்னும் இங்கேதான் இருக்கும். நீலவால் பஞ்சுருட்டான் கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சி பிடிக்கும். மரங்கள் நிறைந்த வளவு பக்கத்தில் இருந்தால், பொழுது சாயும் நேரத்தில் ஆறுமணிக்குருவியின் குரலும் கேட்கலாம்.

முதலில் ஃபோன்

ஈபேர்ட், மெர்லின் என்ற இரண்டு செயலிகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம், ஒரே கணக்கு இரண்டுக்கும் போதும். பட்டியல் போடுவது ஈபேர்டில். பெயர் தெரியாத பறவையை அடையாளம் காண உதவுவது மெர்லின். நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முதல் நாளே வைஃபையில் இறக்கி வையுங்கள்.

இடமும் நேரமும்

விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். வீட்டை விட்டு வெளியே போக விரும்பினால் பேர வாவிக்குப் போங்கள். கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் கிட்ட நின்று பார்க்கலாம். தலங்கம குளத்தில் நீலத் தாழைக்கோழி உண்டு. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ரம்சாரின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு, தண்ணீர்ப் பறவைகளுக்குக் குறைவில்லை.

எண்ணுவது

ஈபேர்டில் புதிய பட்டியலைத் தொடங்கினால் நேரத்தையும் இடத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும். குறைந்தது 15 நிமிடம் பாருங்கள். பெயரைத் தட்டி எண்ணிக்கையைப் போடுங்கள்.

புதிதாக வருபவர்கள் பலர் மீன்கொத்தி, செண்பகம், கிளி என்று அழகானவற்றை மட்டும் பதிந்துவிட்டுக் காகத்தை விட்டுவிடுகிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்று கொழும்பில் எத்தனை காகம், எத்தனை மைனா என்ற கணக்கு இருந்தால்தான் நாளை அவை கூடினவா குறைந்தனவா என்று சொல்ல முடியும். சிட்டுக்குருவியும் ஒரு காலத்தில் யாரும் எண்ண நினைக்காத பறவைதான்.

காகத்திலும் இரண்டு வகை உண்டு. வீட்டுக் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம். நம் நாட்டுக் காகத்தில் அந்தச் சாம்பல் கொஞ்சம் இருண்டது, நிழலில் நின்றால் முழுக் கறுப்பாகவே தெரியும். வெளிச்சத்துக்கு வரும்வரை பொறுத்துப் பாருங்கள். அண்டங்காகம் உடல் முழுக்கக் கறுப்பு, அலகு தடிப்பு, குரலும் கனமானது. பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். பொதுவாகக் 'காகம்' என்று பதியவும் ஈபேர்டில் வழி இருக்கிறது.

ஒரே காகம் மூன்று தரம் வந்து மதிலில் உட்கார்ந்தால் அது மூன்று காகம் ஆகாது. ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது, ஒரே நேரத்தில் கண்ட மிகக் கூடிய எண்ணிக்கையை எழுதுங்கள். பெரிய கூட்டமாகப் பறந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவில் மிச்சத்தையும் மட்டுக்கட்டலாம்.

காதால் கேட்டதும் கணக்கில் சேரும். மாமரத்துக்குள் கூவும் குயிலைக் காணாவிட்டாலும் ஒன்று என்று போடலாம். மெர்லின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், ஆனால் அது சொன்னதையெல்லாம் அப்படியே பதியாதீர்கள். ஹோர்ன் சத்தத்துக்கு நடுவே அதுவும் தவறலாம். நீங்களே பார்த்தோ கேட்டோ உறுதியானதை மட்டும் சேருங்கள்.

அனுப்புவது

முடிக்கும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று செயலி கேட்கும். காகத்தையும் மைனாவையும் விடாமல் போட்டிருந்தால் தயங்காமல் 'ஆம்' சொல்லுங்கள். பெயர் தெரியாமல் இரண்டு மூன்று பறவைகள் விடுபட்டிருந்தாலும் பதில் 'ஆம்'தான். இந்த 'ஆம்' இருந்தால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள முடியும்.

அந்த நான்கு நாட்களுக்குள் பார்த்து ஈபேர்டில் போடும் பட்டியல் தானாகவே கணக்கெடுப்பில் சேர்ந்துவிடும், தனியாகப் பதிய வேண்டியதில்லை. இடம் மாறினால் புதுப் பட்டியல், நாள் மாறினாலும் புதுப் பட்டியல். குடும்பமாகப் போனால் ஒருவர் எழுதி மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ளுங்கள். வழக்கத்துக்கு மாறான பறவையையோ எண்ணிக்கையையோ பதிந்திருந்தால், பட்டியலைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பக்கூடும். பார்த்ததை அப்படியே எழுதுங்கள், படம் இருந்தால் சேருங்கள். தவறு என்று தெரிந்தால் அனுப்பிய பட்டியலையும் திருத்தலாம்.