சாட்ஸ்வொர்த்திலிருந்து பனி பார்க்கப் போவது எப்படி

தூத்துக்குடியில் பிறந்த எனக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் கோலப்பொடியை விரலில் ஒட்டவைக்கும் ஈரம், அவ்வளவுதான். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று ஆச்சி சொல்வார். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்த முதல் மார்கழியில் மின்விசிறியை முழு வேகத்தில் விட்டும் தூக்கம் வரவில்லை. இங்கே எல்லாம் தலைகீழ். மார்கழி கோடை, ஆடி குளிர். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில்தான் மலையில் வெள்ளை விழும்.

என் மாமியார் டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். எழுபது வயது வரை பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. 'எந்த ஊர்ல ரொம்ப விழும், கேட்டுச் சொல்லு' என்று ஒவ்வொரு ஆடியிலும் ஆரம்பிப்பார். என் கணவர் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் நடுவே லாரி ஓட்டுகிறவர். அவருக்குப் பனி என்றால் தாமதம், வேடிக்கை அல்ல. ஆக, பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று தடவை போய், அதில் ஒரு தடவை நன்றாக ஏமாந்து, தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அதிகமாக விழும் ஊர் எது என்று மட்டும் கேட்டால், ஈஸ்டர்ன் கேப் மாநிலத்தின் வடக்கு மலைகளைத்தான் சொல்ல வேண்டும். பார்க்லி ஈஸ்ட், அதைத் தாண்டி ரோட்ஸ் என்ற குட்டி ஊர். ரோட்ஸுக்கு மேலே பென் மெக்டூயி என்ற சிகரம் 3,001 மீட்டர். அந்தச் சரிவில்தான் டிஃபின்டெல் பனிச்சறுக்குத் தளத்தை அமைத்தார்கள். டர்பனிலிருந்து ஒரு முழுப் பகல் ஓட்டம், கடைசியில் மண்சாலை வேறு. கேப் டவுன் பக்கம் இருப்பவர்களுக்கு செரஸும் அதன் அருகே 2,249 மீட்டர் மாட்ரூஸ்பெர்க்கும் இருக்கின்றன. ஃப்ரீ ஸ்டேட்டில் கிளாரன்ஸ், கோல்டன் கேட் பூங்கா.

சதர்லேண்டை நம்பிக் கிளம்பாதீர்கள். குளிருக்குப் பேர்போன ஊர், பெரிய தொலைநோக்கி இருக்கிற ஊர் என்று எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அது வறண்ட காரூ பூமி. மேகம் குறைவு என்பதால்தானே தொலைநோக்கியை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பனி விழும் நாளும் உண்டு. ஆனால் பல காலைகளில் தரையில் தெரியும் வெள்ளை உறைந்த ஈரம், வானத்திலிருந்து விழுந்ததல்ல. இதில் நம் மொழியும் கொஞ்சம் காலை வாரிவிடும். வானொலிக்காரர் 'ஃப்ராஸ்ட்' என்பார், 'மிஸ்ட்' என்பார், 'ஸ்னோ' என்பார். மாமியார் மூன்றையும் 'பனியாம்' என்று ஒரே சொல்லில் எனக்குச் சொல்லிவிடுவார். மூன்றாவது சொல் வந்தால் மட்டும் பையை எடுங்கள்.

டர்பன்காரர்களுக்கு நான் சொல்லும் ஊர் அண்டர்பெர்க், அல்லது அதற்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹைம்வில். டிராகன்ஸ்பெர்க் மலைகளின் தென்பகுதி. அதிகப் பனி விழும் ஊர் இல்லைதான். சில வருடம் ஊருக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம், ஊர் வரை தார்ச்சாலை, பெட்ரோல் பங்க், கடை, கழிப்பறை எல்லாம் உண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். எழுபது வயதுக்காரரை அழைத்துப் போகிறவளுக்கு எத்தனை அங்குலம் விழும் என்பதைவிட இதெல்லாம்தான் முக்கியம். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, ஹோவிக் பக்கம் பிரிந்து ஆர்617 சாலையைப் பிடித்தால் புல்வர் வழியாக நேரே போய்விடும்.

எப்போது கிளம்புவது என்பதுதான் சிக்கல். முதல் தடவை நான் ஏமாந்தது அதில்தான். வெள்ளிக்கிழமை இரவு குடும்ப வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளை மலை, வெள்ளை வேலி, சிரிக்கும் குழந்தைகள். சனிக்கிழமை விடியுமுன் எல்லோரையும் எழுப்பி ஹைம்வில் போய்ச் சேர்ந்தால், ஈரப் புல்லில் பத்துப் பதினைந்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. படம் புதன்கிழமை எடுத்ததாம், அதுவும் வேறு ஊரில். 'இதுக்காம்மா அஞ்சு மணிக்கு எழுப்பினே?' என்று மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். டர்பன் வரும்வரை வண்டியில் யாரும் பேசவில்லை.

அதனால் படத்தை நம்ப வேண்டாம், காற்றைப் பாருங்கள். குளிர்காலத்தில் திடீரென்று ஒரு நாள் டர்பனில் உள்நாட்டுப் பக்கமிருந்து அனல்காற்று வீசும். பெர்க் விண்ட் என்பார்கள். மலைமேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும்போது காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிவிடுகிறது. கொடியில் போட்ட போர்வை ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்தால், பின்னாலேயே தெற்கிலிருந்து குளிர் வருகிறது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் குளிர் மட்டும் வந்தால் போதாது, ஈரமும் வர வேண்டும். வெறும் கோல்டு ஃபிரண்ட், அதாவது தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முகப்பு மட்டும் என்றால் பல தடவை உதடு வெடிப்பதோடு சரி. வானிலை அறிவிப்பில் 'கட்-ஆஃப் லோ' என்ற சொல் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மேல்காற்றிலிருந்து அறுந்து தனியாக நிற்கும் அந்தக் குளிர்ச் சுழல் நகராமல் நின்று, இந்தியப் பெருங்கடல் ஈரத்தை மலைமேல் இழுத்துக் கொட்டும். எங்கள் குவாசுலு-நட்டால் மாநிலத்தில் பெரும்பனி ஆகஸ்ட், செப்டம்பரில்கூட விழுவது இதனால்தான். ஜூன், ஜூலை மட்டும்தான் பனிக்காலம் என்று நினைத்துப் பள்ளி விடுமுறையோடு நம்பிக்கையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

அடுத்து உயரம். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு ஆறரை டிகிரி குறையும். அதனால் எத்தனை மீட்டருக்கு மேல் பனி விழும் என்று அறிவிப்பில் சொல்வதுதான் நமக்குத் தேவையான ஒரே எண். 2,000 மீட்டருக்கு மேல் என்றால், சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் அண்டர்பெர்க்கில் மழைதான் பெய்யும். வெள்ளை மலையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம், கையில் எடுக்க முடியாது. 1,500 அல்லது அதற்குக் கீழே என்றால்தான் ஊருக்குள் விழும். மூன்று நாள் முன்னாடி சொல்லும் எண் மாறும். முந்தின நாள் மாலை பாருங்கள். அண்டர்பெர்க்கில் ஒரு விருந்தினர் விடுதிக்கோ கடைக்கோ போன் போட்டு, 'இப்போது தரையில் என்ன இருக்கிறது?' என்று கேட்பது எல்லாவற்றையும்விட மேல். சலிக்காமல் சொல்வார்கள், அவர்களுக்கும் அது வியாபாரம்.

விழுந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள், விழுந்து நின்ற மறுநாள் காலை போங்கள். இதில் நான் கண்டிப்பு. 2024 செப்டம்பரில் என் கணவர் வான் ரீனன் கணவாய்க்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். வெள்ளி இரவு பிடித்த பனி சனியும் விடவில்லை. 21-ஆம் தேதி, புரட்டாசி முதல் சனிக்கிழமை. என்3 மூடப்பட்டு நூற்றுக்கணக்கான வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. குளிரில் ஒரு பெண் இறந்தும் போனார். பக்கத்து லாரிக்காரர் பில்டோங் என்ற உப்பிட்டு உலர்த்திய இறைச்சிப் பொட்டலத்தை நீட்ட, இவர் புரட்டாசி என்று கும்பிடு போட்டு, நான் கட்டிக்கொடுத்த கடலைச் சுண்டலை இரண்டு நாளைக்குப் பங்கு வைத்துச் சாப்பிட்டார். அதற்கு அப்புறம் எங்கள் வீட்டில் எந்த வண்டியும் போர்வை இல்லாமல் மலை ஏறுவதில்லை. வண்டியோடு பனியில் மாட்டினால் எஞ்சினை ஓடவிட்டுச் சூடு பிடித்துக்கொண்டே தூங்கக் கூடாது. புகைக்குழாயைப் பனி அடைத்தால் நச்சுவாயு உள்ளே வரும். அவ்வப்போது இறங்கிக் குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி, அணைத்து, கண்ணாடியை விரல் அளவு திறந்து வைக்க வேண்டும்.

வண்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம். கடற்கரைக்காரர்கள் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பழகியவர்கள். மலையில் இரவு தங்குவதானால் கூலன்ட் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், உறைந்தால் எஞ்சினையே பிளந்துவிடும். டீசல் வண்டி என்றால் டர்பனில் முழு டேங்க் நிரப்பாமல் மேலே போய் நிரப்புங்கள், கடும் குளிரில் டீசலில் மெழுகு கட்டும். காலையில் முன்கண்ணாடி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். என் கொழுந்தன் தன் பாக்கியில் அதைத்தான் செய்தான். (பாக்கி என்றால் இங்கே கடன் மிச்சம் அல்ல, பின்பக்கம் திறந்த வண்டி. அவன் விஷயத்தில் இரண்டும் பொருந்தும்.)

சாலையில் வெள்ளையாகத் தெரிவது பயப்பட வேண்டியதில்லை, கறுப்பாக மின்னுவதற்குத்தான் பயப்பட வேண்டும். நிழல் விழும் வளைவுகளிலும் பாலங்களிலும் கண்ணாடி போல ஐஸ் படிந்திருக்கும். முன்கூட்டியே கியரைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக்கை அழுத்தாதீர்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு குழப்பம்: இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும். எனவே தெற்கு பார்த்த சரிவுகளில்தான் பனி தங்கும். பத்து மணிக்கே ஊரில் எல்லாம் உருகிவிட்டதென்றால் திரும்பிவிடாதீர்கள், மலையின் தெற்கு நிழலைத் தேடுங்கள். ஐஸும் அங்கேதான் இருக்கும் என்பதை மறக்காமல். மூன்று மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். ஐந்து மணிக்குப் பொழுது போய்விடும், பகலில் உருகிய தண்ணீர் மறுபடி உறையும். வேலி தாண்டிப் பண்ணை நிலத்துக்குள் ஓடவும் வேண்டாம்.

உடுப்புக்குப் பணம் செலவழிக்காதீர்கள். வருடத்தில் ஒரு நாளுக்காக ஸ்கீ ஜாக்கெட் எதற்கு? காற்று புகாத மழைக்கோட்டு மேலே, உள்ளே இரண்டு கம்பளி. பருத்திக் காலுறை நனைந்தால் காலைக் கொன்றுவிடும். காலுறைமேல் பிரெட் பை ஒன்றைச் சுற்றி அதன்மேல் டாக்கி என்கிற கான்வாஸ் ஷூவை மாட்டினால் கான்வாஸ் நனைந்தாலும் பாதம் நனையாது. மாமியாருக்கு அப்படித்தான் மாட்டிவிட்டேன், நடக்கும்போது சரசரவென்று சத்தம் வந்தது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைக்குள் கம்பளிக் கையுறை. மாற்றுக் காலுறையும் துண்டும் வண்டியில் இருக்கட்டும். ஃப்ளாஸ்கில் இஞ்சி டீ, ரொட்டியில் சுருட்டிய உருளைக்கிழங்குக் கறி. குடைந்த பிரெட்டுக்குள் பீன்ஸ் குழம்பை ஊற்றிய பன்னிச்சோவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உறைந்த விரல்களால் குழம்பு ஒழுகும் பிரெட்டைப் பிய்த்துப் பாருங்கள், தெரியும்.

ஹைம்வில் வரை வந்தவர்களுக்கு சானி பாஸ் என்ற மலைக்கணவாய் ஏறிப் பக்கத்து நாடான லெசோத்தோவுக்குள் போகும் ஆசை வரும். மேலே 2,800 மீட்டருக்கு மேல். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியும் பாஸ்போர்ட்டும் இல்லாமல் விடமாட்டார்கள். பனி விழுந்த வாரத்தில் அவை இருந்தாலும் உள்ளூர் ஓட்டுநரோடு போங்கள். பனி கட்டாயம் வேண்டும், ஏமாறவே கூடாது என்பவர்களுக்கு ஒரே வழி லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்குத் தளம். வானம் கொடுக்காவிட்டால் இயந்திரம் வைத்துப் பனி செய்து சரிவில் தூவுகிறார்கள். நான் போனதில்லை. மாமியாரிடம் சொன்னபோது, 'மிஷின் பனியா? அதுக்கு நம்ம ஃப்ரிட்ஜையே திறந்து பார்த்துக்கலாமே' என்றார்.

கடைசியாக, காலியான ஐஸ்கிரீம் டப்பா ஒன்றும் கூலர் பாக்ஸும் எடுத்துப் போங்கள். இரண்டாவது தடவை நாங்கள் சரியான நாளில் போனோம். தெற்குச் சரிவில் முழங்கால் அளவு கிடந்தது. மாமியார் கொஞ்சம் எடுத்து முகர்ந்தார், நாக்கில் வைத்தார், 'உப்பு இல்லை' என்றார். முட்டிவலியால் வர முடியாத பக்கத்து வீட்டு ஆயாவுக்காக டப்பா நிறைய அள்ளினார். லேசாக அள்ளினால் வீடு வருமுன் பாதியாகிவிடும். கையால் அமுக்கி அமுக்கி நிரப்பி, மூடி, செய்தித்தாளில் சுற்றி வைக்க வேண்டும். அப்படியே வந்து சேர்ந்தது. ஆயா தொட்டுப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். மீதியை ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினோம். இரண்டாவது வாரம் நாலு மணி நேரம் கரண்ட் போனது. இப்போது அது வெறும் ஐஸ் கட்டி, லேசாக மீன் வாசமும் அடிக்கிறது. தூக்கிப் போட மாமியார் விடவில்லை.