வீட்டுமனைக்கு மேலே மின்கம்பி: இழப்பீடு கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் பெரியப்பா பல்லடம் பக்கம் வீடு கட்டவென்று வாங்கிப்போட்ட 10 சென்ட் இடத்தில் டவர் எதுவும் கிடையாது, கம்பி மட்டும்தான் குறுக்கே போகிறது. அளக்க வந்தவர்கள் "இடம் உங்க பேர்லயேதாங்க இருக்கும், மேல கம்பி மட்டும் போகும்" என்று சொன்னதை நம்பி, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். வெட்டிய நான்கு தென்னைக்கும் ஒரு வேப்பமரத்துக்கும் செக் வந்தது. இவ்வளவுதான் போலிருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து வீடு கட்ட பிளான் அனுமதி கேட்டுப் போனபோதுதான், அந்த இடத்தில் இனி ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது என்று தெரியவந்தது.

அவர் செய்த தவறைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்கிறார்கள். டவர் நின்றால்தான் பணம், கம்பி போனால் மரத்துக்கு மட்டும்தான் பணம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது உண்மையில்லை. உயரழுத்தக் கம்பிக்குக் கீழே இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பாதை அகலம் உண்டு, அதற்குள் கட்டடம் கூடாது. 220 கிலோவோல்ட் லைனுக்கு அந்த அகலம் பொதுவாக 35 மீட்டர், 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர். 10 சென்ட் மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 20 மீட்டர்தான் வரும். கம்பி நடுவே போனால் மனை மொத்தமும் அந்த அகலத்துக்குள் முழுகிவிடும். பட்டா நம் பெயரில், வரி கட்டுவதும் நாம், ஆனால் வீடு கட்ட முடியாது. இந்த இழப்புக்குத்தான் முக்கியமாகப் பணம் கேட்க வேண்டும்.

எவ்வளவு? மத்திய மின்துறை அமைச்சகம் 2015 அக்டோபரில் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள இடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அதை மாற்றினார்கள். இப்போது டவரின் நான்கு கால்களுக்கு நடுவில் உள்ள இடமும் ஒவ்வொரு பக்கமும் கூடுதலாக ஒரு மீட்டரும் சேர்த்து, அதற்கு நில மதிப்பைப் போல இரண்டு மடங்கு. கம்பிக்குக் கீழே 30 சதவீதம். 2025 மார்ச்சில் வந்த துணை வழிகாட்டுதலில் அந்த 30 கிராமப்புறத்துக்கு என்றும், நகராட்சி போன்ற நகர்ப்புறங்களுக்கு 45, மாநகராட்சி மற்றும் பெருநகரப் பகுதிகளுக்கு 60 என்றும் பிரித்தார்கள். மரம், பயிர்ச் சேதத்துக்கான பணம் இதற்கு மேல் தனி. ஒரு சென்ட் 5 லட்சம் போகிற இடத்தில் 10 சென்ட் மாட்டிக்கொண்டால், 30 சதவீதக் கணக்கில் மட்டும் 15 லட்சம் வருகிறது. நான்கு தென்னைக்கான செக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த வழிகாட்டுதல் 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள டவர் லைன்களுக்குத்தான். மாநில அரசின் லைனாக இருந்தால் மாநில அரசு என்ன ஆணை போட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதனால் முதல் வேலையாக ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். இது எத்தனை கிலோவோல்ட் லைன், பாதை அகலம் எவ்வளவு, என் சர்வே எண்ணில் எத்தனை சதுர மீட்டர் அதில் வருகிறது, எந்த ஆணைப்படி இழப்பீடு, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் இந்த லைனுக்கு அதிகாரம் கொடுத்த உத்தரவின் நகல். இந்த ஐந்தும் கையில் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் போய் உட்கார்ந்து பேசாதீர்கள்.

அடுத்தது, எதிர்ப்பிலேயே எல்லா நாளையும் செலவழிப்பது. எதிர்க்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2018, 2019இல் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் சாலையோரம் கேபிளைப் புதைத்துக் கொண்டுபோ என்று கேட்டுப் போராடியது நியாயமான போராட்டம்தான். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு நிற்க வேண்டும். 164ஆம் பிரிவில் அதிகாரம் பெற்றவர்களுக்கு 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் அதிகாரங்கள் வந்துவிடுகின்றன, அதன்படி நில உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. 2016 டிசம்பரில் செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது. தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதும், மின்தொடர் லைன்களுக்கு மட்டும் அந்தப் பழைய பகுதி அப்படியே தொடரும் என்று எழுதிவைத்துவிட்டார்கள். நாம் வழிமறித்தால் அவர்கள் கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வருவார்கள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் கோபத்தில் போகாமல் இருந்துவிடாதீர்கள், கட்டாயம் போங்கள், உங்கள் அளவு, மரக்கணக்கு, கட்டட விவரம் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அதே தந்திச் சட்டத்தின் 10ஆம் பிரிவில்தான் நம் பிடிமானமும் இருக்கிறது. முடிந்தவரை குறைவான சேதம் செய்ய வேண்டும், ஏற்பட்ட சேதத்துக்கு முழு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. முழு என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, சேதம் நடந்தது என்பதற்கு ஆதாரம்? வேலை தொடங்கும் முன்பே படம் எடுத்து வைக்காதவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிய பிறகு அது காய்க்கிற தென்னையா, கன்றா என்று யாருக்கும் காட்ட முடியாது. ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாக, தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். வயது, சுற்றளவு, வருடத்துக்கு எத்தனை காய் என்று எழுதுங்கள். கிணறு, போர், கொட்டகை, சுற்றுச்சுவர், வண்டி போகும் தடம் எதையும் விடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் மரக்கணக்குப் பட்டியலில் கையெழுத்துக் கேளுங்கள், தோட்டக்கலைத் துறையிடம் மதிப்பீடு கேட்டு மனு கொடுங்கள். லைன் போன பிறகு நட்ட மரத்துக்குப் பணம் கேட்டு அலைய வேண்டாம், லைன் வருவதற்கு முன்பே நின்ற மரத்துக்குத்தான் மின்சாரச் சட்டத்தின் 68ஆம் பிரிவு இழப்பீடு பேசுகிறது.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது பெரிய தொல்லை. பணம் தயாராக இருக்கும், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே கிடக்கும். பங்காளிகளுக்குள் தகராறு என்றால் அதிகாரிகள் தொகையை மாவட்ட நீதிமன்றத்தில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள், பிறகு யாருக்கு எவ்வளவு என்பதை நீதிபதிதான் தீர்மானிக்க வேண்டும். அளவுக்கல் நட்ட அன்றைக்கே வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாவற்றையும் எடுக்கத் தொடங்குங்கள்.

நில மதிப்பு விஷயத்தில், பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் கைடுலைன் வேல்யூவைச் சொன்னதும் தலையாட்டிவிடுகிறோம். சந்தையில் இடம் போகிற விலைக்கும் அதற்கும் பெரும்பாலும் தூரம் அதிகம். பக்கத்து மனைகள் கடந்த இரண்டு மூன்று வருடத்தில் கிரயமான பத்திரங்களின் நகலைப் பதிவு அலுவலகத்தில் வாங்குங்கள், அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்குங்கள். இது வீட்டுமனை, விவசாய நிலம் இல்லை என்பதற்கு மனைப்பிரிவு அங்கீகார ஆணையையும் சேர்த்து வையுங்கள். கேரள மின்வாரியத்துக்கும் லிவிஷா என்பவருக்கும் நடந்த வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம், நிலம் எங்கே இருக்கிறது, கம்பி எவ்வளவு தூரம் அதன் மேல் போகிறது, ஓரமாகப் போகிறதா நடுவே வெட்டிக்கொண்டு போகிறதா, இடம் சின்னதா என்றெல்லாம் பார்த்துத்தான் தொகை தீர்மானிக்க வேண்டும் என்றது. சின்ன மனை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய பலம்.

செக் வாங்கும்போது கொடுக்கிற ரசீதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி பல தாள்களில் அச்சாகவே வரும். அதை அடித்துவிட்டு, "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன், கூடுதல் இழப்பீடு கோரும் என் உரிமை தொடர்கிறது" என்று கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள், செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருக் கம்பத்திலிருந்து பக்கத்து வீட்டுக்கு நம் மொட்டைமாடி மேலே போகிற சாதாரணக் கம்பியின் கதை வேறு. அதற்கு மேலே சொன்ன சதவீதமெல்லாம் கிடையாது. சம்மதம் இல்லாமல் புதிதாக இழுத்தால் 2006ஆம் ஆண்டு விதிகளின்படி கலெக்டரிடம் போகலாம், இழப்பீட்டுத் தகராறு என்றால் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். நீங்களாகவே மாற்றிப்போடக் கேட்டால் மின்வாரியம் எஸ்டிமேட் போட்டு உங்களிடம்தான் பணம் கட்டச் சொல்லும். 11 கிலோவோல்ட் வரையிலான உயரழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். கம்பி ஏற்கெனவே போகிற இடத்தில் இதை மீறி மாடி எழுப்பிவிட்டு இழப்பீடு கேட்டால் எந்த வாதமும் நிற்காது, அதைவிட உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, எல்லாத் தவறையும் விடக் கொடுமையானது காத்திருப்பது. 164ஆம் பிரிவு அதிகாரத்தில் போட்ட லைன் என்றால், தொகை போதாது என்று மாவட்ட நீதிபதியிடம்தான் மனு போட வேண்டும், தந்திச் சட்டத்தின் 16ஆம் பிரிவில். கலெக்டருக்கு மேல் கலெக்டருக்கு மனு கொடுத்துக்கொண்டே வருடம் ஓடிவிடுகிறது. குஞ்ஞாலியும்மா வழக்கில் 1976லேயே உச்ச நீதிமன்றம் இந்த மனுவுக்குக் காலவரையறைச் சட்டத்தின் 137ஆம் பிரிவு பொருந்தும் என்று சொல்லிவிட்டது, அதாவது மூன்று வருடம். மரம் வெட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

பெரியப்பா வக்கீலிடம் போனபோது அந்த மூன்று வருடத்தில் நான்கு மாதம்தான் மிச்சம் இருந்தது. மரம் நின்ற படம் ஒன்றுகூட இல்லை, அக்கா கல்யாண ஆல்பத்தில் பந்தலுக்குப் பின்னால் இரண்டு தென்னை தெரிந்தது, அதை வைத்துத்தான் மனுவையே எழுதினார்கள்.