குடும்பமாகச் சேர்ந்து வீட்டுப் பராமரிப்பு ஃபிரான்சைஸ் நடத்துவது எப்படி? சேலத்துக்கு ஏற்ற செய்முறை

பெயின்டிங், வாட்டர்ப்ரூஃபிங், மாடுலர் கிச்சன் என்று வீட்டு வேலைகளுக்கு ஃபிரான்சைஸ் (கட்டணம் கொடுத்து, கம்பெனியின் பெயரிலும் முறையிலும் தொழில் நடத்தும் உரிமை) கொடுக்கும் கம்பெனிகள் பெருகிவிட்டன. அப்பாவின் ஓய்வூதியப் பணம், அண்ணனின் சைட் அனுபவம், அண்ணியின் கணக்கு அறிவு மூன்றையும் சேர்த்து ஒன்றை எடுக்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங்கும் பெயின்டிங்கும் செய்யும் ஃபிரான்சைஸை வைத்தே விளக்குகிறோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். வீட்டு ஆள் செய்யும் வேலைக்கும் கணக்கில் சம்பளம் எழுதியாக வேண்டும். அதை எழுதாத குடும்பத்துக்கு நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. லாபம் வருகிறது என்று நினைத்துக்கொண்டே இரண்டு மூன்று பேர் சும்மா உழைத்துக்கொண்டிருப்பார்கள்.

படி 1: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

ஃபிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. ஆகவே தாளில் எழுதியிருப்பதே உங்கள் பாதுகாப்பு. கம்பெனி பிரதிநிதி வாயால் சொல்லும் எதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

எல்லை: ‘சேலம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மாநகராட்சி மட்டுமா, ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி, எடப்பாடி எல்லாம் சேர்ந்த மாவட்டமா? பின்கோடு வாரியாகப் பட்டியல் கேளுங்கள். ஏற்காடு அதில் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். உங்கள் எல்லைக்குள் கம்பெனியின் இணையதளம் வழியாக வரும் என்கொயரி உங்களுக்கே வர வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ராயல்டி: ஒவ்வொரு வேலையிலும் கம்பெனிக்கு நீங்கள் கொடுக்கும் பங்கு. இது லாபத்தின் மேல் அல்ல, பில்லின் மேல். ஜிஎஸ்டி சேர்த்த தொகையிலா, சேர்க்காத தொகையிலா என்று கேளுங்கள். 1,00,000 ரூபாய் வேலைக்கு 7 சதவீதம் என்றால் 7,000. 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்கிட்டால் 8,260. ஆண்டு முழுக்க இந்த வித்தியாசம் ஒரு ஆளின் சில மாதச் சம்பளம் ஆகிவிடும்.

வாரிசு: குடும்பத் தொழிலுக்கு இதுவே முக்கியமான பத்தி, பலர் புரட்டிவிட்டுப் போவதும் இதைத்தான். கையெழுத்திட்டவர் இறந்தாலோ படுத்துவிட்டாலோ உரிமை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெயர் மாற்றும் கட்டணம் இல்லாமல் போகும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். குடியிருக்கும் வீட்டை ஜாமீனாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

படி 2: யார் பெயரில் தொழில்?

அப்பா பெயரில் மட்டும் தொடங்குவது சுலபம். ஆனால் அவர் காலமானால் அந்தத் தொழிலே சட்டப்படி முடிந்துவிடும். ஜிஎஸ்டி பதிவை வாரிசு புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று பேர் உழைக்கும் குடும்பத்துக்கு எங்கள் பரிந்துரை கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்). பத்திரம் எழுதியதோடு நிறுத்தாமல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்யுங்கள். 1932ஆம் ஆண்டின் கூட்டு நிறுவனச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, பதிவாகாத நிறுவனம் பணம் தராத வாடிக்கையாளர் மீது ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது.

பத்திரத்தில் இவை இருக்கட்டும்: யார் எவ்வளவு முதல் போட்டார், முதலுக்கு வட்டி (வருமான வரியில் 12 சதவீதம் வரை செலவாக ஏற்பார்கள்), யாருக்கு எவ்வளவு சம்பளம், லாபப் பங்கு, விலகினால் பணம் எத்தனை மாதத்தில் திரும்பும். பங்குதாரருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போகும் சம்பளத்துக்கும் வட்டிக்கும் 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். இதை ஆடிட்டரிடம் முதல் மாதமே சொல்லி வையுங்கள்.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வரவு குறைவாக இருந்தாலும் எடுத்துக்கொள்வது நல்லது. ராயல்டிக்கும் பொருளுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. காசு கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள்.

படி 3: ஆளுக்கு ஒரு வேலை, அதில் அவர் சொல்வதே முடிவு

சைட் அண்ணனுடையது. கணக்கும் பேங்க்கும் அண்ணியுடையது. கொட்டேஷனும் போனும் தம்பியுடையது. பொருள் வாங்குபவரும் பில்லுக்குப் பணம் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, ஒருவருக்கொருவர் சரிபார்க்கும் வழி அது. சொந்தக்காரர் வீட்டு வேலைக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். மாமா வீட்டுக்கு ஒரு விலை, சித்தப்பா வீட்டுக்கு ஒரு விலை என்றால் சண்டை ஆபீஸில் அல்ல, அடுத்த கல்யாண வீட்டில் வெடிக்கும்.

படி 4: மாடியைப் பார்த்துக் கொட்டேஷன் போடுவது

வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். டேப், சுத்தியல், சாக்பீஸ், ஒரு வாளி தண்ணீரோடு போங்கள். தளத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே நடந்தால், பிடிமானம் விட்ட இடத்தில் ‘டொக்’ என்று வெற்றுச் சத்தம் வரும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அங்கே தட்டு ஓட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். பிறகு தண்ணீரை ஊற்றி வாட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். குழாய் வாய்க்கு எதிர்ப்பக்கம் தேங்கினால், மேலே என்ன கோட்டிங் அடித்தும் பயன் இல்லை. வாட்டம் சரி செய்யும் செலவைத் தனி வரியாகப் போடுங்கள்.

கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் இருக்காது. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலை, குழாய் இறங்கும் வாய், தண்ணீர்த் தொட்டியின் கால், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். மூலையைச் சாந்து வைத்து வளைவாகப் பூசாமல் நேராகக் கோட்டிங் அடித்தால் ஒரே வெயிலில் அங்கே விரிசல் விடும்.

படி 5: வேலைக்கு ஒரு கணக்குத் தாள்

10 சதுரம், அதாவது 1000 சதுர அடி மாடி என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி நீங்கலாகக் கொட்டேஷன் 1,00,000. விலைகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காகத்தான், உங்கள் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள்.

பொருள் 38,000. கூலி 27,000. வண்டி, கருவித் தேய்மானம் 4,000. ராயல்டி 7 சதவீதம், கம்பெனியின் விளம்பர நிதிக்கு 2 சதவீதம், சேர்த்து 9,000. வாரன்டிக்கு ஒதுக்கீடு 3 சதவீதம், 3,000. மீதி 19,000.

இந்த 19,000 லாபம் அல்ல. இதிலிருந்துதான் கடை வாடகை, போன், ஆடிட்டர் கட்டணம், உங்கள் மூன்று பேர் சம்பளம் எல்லாம் போக வேண்டும். மாதச் சம்பளமும் வாடகையும் சேர்ந்து 95,000 என்றால் மாதத்துக்கு இப்படி ஐந்து வேலை முடித்தால்தான் கையைக் கடிக்காது.

இப்போது வாடிக்கையாளர் ‘பத்து சதவீதம் குறைச்சுக்கங்க’ என்கிறார். பில் 90,000. ராயல்டி, நிதி, ஒதுக்கீடு சேர்ந்து 10,800 ஆகிறது. பொருளும் கூலியும் வண்டியும் அதே 69,000. மீதி 10,200. பத்து சதவீதம் விட்டுக்கொடுத்ததில் உங்கள் பங்கு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் வேலையின் அளவைக் குறையுங்கள்: கைப்பிடிச்சுவரின் வெளிப்பக்கத்தை விட்டுவிடலாம், கோட்டிங்கில் ஒரு கோட் குறைப்பது மட்டும் கூடவே கூடாது.

பணம் 40, 40, 20 என்று வாங்குங்கள். பொருள் இறங்கியதும் 40, முதல் கோட் காய்ந்ததும் 40, தண்ணீர் கட்டிச் சோதித்ததும் 20.

படி 6: வாளியை எண்ணுங்கள்

கோட்டிங் பொருளுக்குக் கம்பெனி தரும் விவரத் தாளில் இரண்டு கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ என்று இருந்தால், 1000 சதுர அடிக்கு (93 சதுர மீட்டர்) 140 கிலோ, அதாவது 20 கிலோ வாளி ஏழு. வேலை முடிந்ததும் காலி வாளிகளை எண்ணுங்கள். ஐந்துதான் இருந்தால் தண்ணீர் கலந்து இழுத்திருக்கிறார்கள், படலம் மெலிந்து போயிருக்கும். ஒன்பது என்றால் தளம் சொரசொரப்பாக இருந்திருக்கலாம், இல்லை பொருள் வேறு எங்கோ போயிருக்கலாம். ஒவ்வொரு வாளியின் பேட்ச் எண்ணையும் படம் எடுத்துச் சேமியுங்கள். வாரன்டி கேட்கும்போது கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான்.

கோட்டிங் முழுதாகக் காய்ந்து இறுகியபின் குழாய் வாயை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். 1000 சதுர அடிக்கு ஏறத்தாழ 2,360 லிட்டர் வேண்டும். டேங்கர் லாரிக்கு யார் பணம் என்பது கொட்டேஷனிலேயே இருக்கட்டும்.

படி 7: சேலத்தின் பருவமும் ஏற்காட்டு வேலையும்

கசிவுக்குப் போன் வருவது மழையில். வேலை செய்ய முடிவது வெயிலில். ஆகவே செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை பார்த்து, படம் எடுத்து, கொட்டேஷன் கொடுத்து வரிசையில் வையுங்கள். மழையில் பார்த்தால் தண்ணீர் இறங்கும் பாதையும் தெளிவாகத் தெரியும். மாடி வேலையை ஜனவரியிலிருந்து மே வரை முடியுங்கள். ஏப்ரல், மே மாத வெயிலில் தளம் கொதிக்கும். காலை பத்து மணிக்குள் அல்லது நான்கு மணிக்கு மேல் அடிக்கவில்லையென்றால் கோட்டிங் கொப்புளம் விடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்பு பெயின்டிங் ஓடும். ஆடியில் என்கொயரி குறையும். கருவி பழுதுபார்ப்பதையும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதையும் அந்த மாதத்தில் வையுங்கள்.

ஏற்காட்டுக்குச் சமவெளி விலையைப் போடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் வண்டிச் செலவும், ஆட்கள் தங்கும் செலவும், பனிமூட்டத்தில் வேலை நின்றால் கொடுக்க வேண்டிய பேட்டாவும் தனி வரிகளாக இருக்கட்டும். அங்கே சுவரில் ஓதம் எளிதில் காயாது. ஈரமானியில் பார்த்து, பிரைமர் தாளில் உள்ள அளவுக்குக் கீழே வந்த பின்புதான் பட்டி பார்க்க வேண்டும். ஐந்து சதுரத்துக்குக் கீழே உள்ள மலை வேலைகளை ஒன்றிரண்டு சேர்த்து ஒரே பயணத்தில் முடிக்கும்படி தேதி கொடுங்கள். முதல் ஆண்டில் மலை வேலைகளுக்குக் கணக்குத் தாளைத் தனி ஃபைலில் வைத்தால், அடுத்த ஆண்டு சதுரத்துக்கு எவ்வளவு கூட்டிக் கேட்க வேண்டும் என்பது அதிலேயே கிடைத்துவிடும்.